புற்றுநோயைப் பட்டினி போட முடியுமா?

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும், பல வீடுகளில் முதலில் மறைவது சர்க்கரை டப்பா.

அடுத்துச் சோறு குறைகிறது. பழம் நிற்கிறது. பாலும் நிற்கிறது. "சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி. தீனியை நிறுத்து, கட்டி தானாகக் கருகிவிடும்" என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். சொந்தக்காரர் சொல்கிறார். கைப்பேசியில் வரும் செய்தியும் அதையே சொல்கிறது. "நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டுபிடித்த உண்மை" என்று ஒரு முத்திரையும் அதில் குத்தியிருக்கும்.

நோயாளியோ ஏற்கெனவே மெலிந்தவர். மருந்து ஏறியதால் வாய் கசக்கிறது. நாலு வாய் சாப்பிடுவதே அவருக்குப் பெரும்பாடு. அந்த நாலு வாயையும் வீட்டார் அன்பின் பெயரால் பறித்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதி ஆபத்து. எது உண்மை, எது ஆபத்து என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்லுக்குள் ஓர் அடுப்பு

மனித உடம்பு மிக நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. இவற்றைச் "செல்" என்று சொல்வார்கள். ஓர் ஆளின் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு குடும்பம் போன்றது. அதற்கும் அடுப்பு எரிய வேண்டும். விறகு வேண்டும். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பழம் ஆகியவை வயிற்றில் செரித்து, குளூக்கோஸ் என்ற சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அதுதான் செல்லுக்கு முக்கியமான விறகு.

சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்க, செல்லுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, எரிப்பது. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையை முழுவதும் எரிக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளே அந்த அடுப்பு.

மற்றொன்று, புளிக்க வைப்பது. இட்லி மாவை அரைத்து வைத்தால் மறுநாள் புளித்திருக்கிறது அல்லவா? மாவில் உள்ள கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. தயிரின் புளிப்பும் அதே அமிலம்தான். நம் செல்களும் சர்க்கரையை இப்படி லாக்டிக் அமிலமாக மாற்ற வல்லவை. வேகமாக ஓடும்போது கால் தசைக்குப் பிராணவாயு போதாமல் போகும். அப்போது தசை இந்த வழியில்தான் சமாளிக்கிறது.

எது லாபம்? கணக்குப் பார்ப்போம்.

செல்லுக்குள் சக்தி ஒரு வகைக் காசாகப் புழங்குகிறது. அந்தக் காசின் பெயர் ஏ.டி.பி. ஒரு குளூக்கோஸ் துகளைப் புளிக்க வைத்தால் இரண்டு காசு கிடைக்கும். அதையே முழுவதும் எரித்தால் சுமார் 30 காசு கிடைக்கும்.

இரண்டு எங்கே, முப்பது எங்கே! பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும்போது எந்தச் செல்லாவது இரண்டு காசு வழியைத் தேடிப் போகுமா?

புற்றுநோய்ச் செல் போகிறது. அதுதான் விந்தை.

எலியின் கட்டியில் கண்ட விந்தை

இதை முதலில் கண்டவர் ஓட்டோ வார்பர்க். ஜெர்மன் விஞ்ஞானி. 1883இல் பிறந்தவர். தந்தை பெயர் பெற்ற பெளதிகப் பேராசிரியர். மகன் ரசாயனத்திலும் பட்டம் பெற்றார். மருத்துவத்திலும் பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போரில் வார்பர்க் குதிரைப் படையில் சேர்ந்தார். 1918இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஐன்ஸ்டீன். போர்முனையை விட்டு ஆராய்ச்சிக்குத் திரும்பி வருமாறு அவர் கேட்டுக்கொண்டார். வார்பர்க் பெர்லின் திரும்பினார்.

1920களின் தொடக்கத்தில் அவர் எலியின் புற்றுக்கட்டியை எடுத்தார். காகிதம் போல் மெல்லிய சீவல்களாக வெட்டினார். வெதுவெதுப்பான உப்பு நீரில் போட்டு, சிறு கண்ணாடிக் குடுவையில் அடைத்தார். குடுவையோடு வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று இணைந்திருந்தது. அதில் திரவம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே, சீவல் எவ்வளவு பிராணவாயுவை இழுக்கிறது, எவ்வளவு அமிலத்தைக் கக்குகிறது என்று அளந்தார்.

சாதாரணத் திசுவுக்குப் பிராணவாயு கொடுத்தால் அது புளிக்க வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கட்டியோ, பிராணவாயு தாராளமாக இருந்தும் சர்க்கரையை வாரி விழுங்கியது. லாக்டிக் அமிலத்தைக் கக்கிக்கொண்டே இருந்தது.

குடுவையில் நடந்தது உயிருள்ள உடம்பிலும் நடக்குமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு கணவன் மனைவி விடை கண்டார்கள். கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்பது அவர்கள் பெயர். பிராக் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள்.

ஒரு கோழி. அதன் ஓர் இறக்கையில் புற்றுக்கட்டி. மற்ற இறக்கையில் ஒன்றும் இல்லை. இரண்டு இறக்கைகளிலிருந்தும் திரும்பி வரும் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டி இருந்த பக்கத்து ரத்தத்தில் சர்க்கரை குறைவு. லாக்டிக் அமிலம் அதிகம். 1925இல் இதை வெளியிட்டார்கள். பின்னர், சர்க்கரை பற்றிய வேறு ஆராய்ச்சிக்காக 1947இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

ஆகவே, புற்றுநோய்ச் செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம் என்பது உண்மை. எல்லாப் புற்றுக்கும் ஒரே அளவில் இல்லை என்றாலும், பெரும்பாலானவற்றில் இது உண்டு. பேச்சில் பாதி உண்மை என்றது இதைத்தான்.

நோபல் பரிசு எதற்கு?

கைப்பேசிச் செய்தியின் முத்திரையை இனி உரசிப் பார்க்கலாம்.

வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றது மெய். ஆனால் செல் எப்படி மூச்சு விடுகிறது, அதற்கு உதவும் இரும்புச் சத்துள்ள நொதி எது என்று கண்டுபிடித்ததற்குக் கிடைத்த பரிசு அது. "சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் குணமாகும்" என்று கண்டதற்காக அவருக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. அப்படி அவர் கண்டுபிடிக்கவும் இல்லை.

அதோடு, பெரிய விஞ்ஞானியும் சறுக்குவது உண்டு. செல்லின் மூச்சு கெட்டுப் போவதே புற்றுநோய்க்கு மூலகாரணம் என்று வார்பர்க் அடித்துச் சொன்னார். அடுப்பு உடைந்தது, அதனால் செல் புளிக்க வைக்கிறது, அதனால் புற்று வருகிறது என்பது அவர் வாதம். 1956இல் இதை அவர் மறுபடியும் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி சிட்னி வைன்ஹவுஸ் மறுத்து எழுதினார். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் அடுப்பு நன்றாகவே எரிகிறது என்று எடுத்துக்காட்டினார். வார்பர்க் ஒப்புக்கொள்ளவில்லை. 1966இல், 82வது வயதில், நோபல் பரிசு பெற்றவர்களின் லிண்டாவ் கூட்டத்திலும் பழைய கருத்தையே பேசினார். 1970இல் காலமானார்.

அவர் கண்ட காட்சி உண்மை. அதற்குச் சொன்ன காரணம் தவறு. புற்றுநோய் தோன்றுவது செல்லின் மரபுக் குறிப்பில் (அதற்கு டி.என்.ஏ. என்று பெயர்) ஏற்படும் பிழைகளால் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. அந்தப் பிழைகள்தான் செல்லின் சாப்பாட்டு முறையையும் மாற்றுகின்றன.

இதற்குப் பிறகு வார்பர்க் கண்டதை விஞ்ஞானிகள் பலர் பல ஆண்டுகள் மறந்தே போனார்கள். 2000ஆம் ஆண்டில் ஹனஹன், வைன்பர்க் என்ற இரு நிபுணர்கள் புற்றுநோயின் ஆறு முக்கிய அடையாளங்களைத் தொகுத்தார்கள். அதில் சாப்பாட்டு மாற்றம் இல்லை. 2011இல் அவர்களே பட்டியலைத் திருத்தியபோது அதைச் சேர்த்தார்கள். எலிக் கட்டியின் விந்தைக்கு மதிப்புக் கிடைக்க ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின!

விறகா, உத்தரமா?

புற்றுநோய்ச் செல் ஏன் இரண்டு காசு வழியைப் பிடிக்கிறது? அது முட்டாளா?

இல்லை. அதன் அவசரம் வேறு.

ஒரு கட்டை மரத்தை அடுப்பில் வைத்து முழுவதும் எரித்தால் வெந்நீர் காயும். சாம்பலும் புகையும் மிஞ்சும். வீடு கட்டுகிறவனுக்கு வெந்நீர் மட்டும் போதுமா? உத்தரம் வேண்டும். கதவு வேண்டும். அவன் எல்லாக் கட்டையையும் எரிக்க மாட்டான்.

புற்றுநோய்ச் செல் வீடு கட்டுகிற செல். ஒன்று இரண்டாக வேண்டும். இரண்டு நாலாக வேண்டும். ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் சுவர் வேண்டும். புரதம் வேண்டும். புதிய டி.என்.ஏ. வேண்டும். சர்க்கரை உடைந்து லாக்டிக் அமிலம் ஆகும் வழியில் பல இடைப்பொருள்கள் உண்டாகின்றன. பெரும்பகுதி அமிலமாக வெளியே போனாலும், தனக்கு வேண்டிய கட்டுமானப் பொருளை அந்த வழியிலேயே செல் எடுத்துக்கொள்கிறது. தவிர, புளிக்க வைக்கும் வழி வேகமானது. விறகு மலிவாகக் கிடைத்தால் வீணாவதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

வாண்டர் ஹைடன், கேன்ட்லி, தாம்ப்சன் என்ற மூன்று விஞ்ஞானிகள் 2009இல் இந்த விளக்கத்தைத் தெளிவாக எழுதினார்கள். எல்லா விவரங்களிலும் எல்லாரும் ஒத்துப் போகவில்லை. வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் "வளர்ச்சிக்கான சாப்பாடு" என்ற கருத்து நிலைத்துவிட்டது.

இன்னொரு செய்தி. இப்படிச் சாப்பிடுவது புற்றுநோய்ச் செல் மட்டும் அல்ல. கிருமியை எதிர்க்க வேகமாகப் பெருகும் வெள்ளை அணுக்களும் இதே வழியைப் பிடிக்கின்றன. திருடனும் போலீசும் ஒரே கடையில் சாப்பிடுகிறார்கள்! கட்டி சர்க்கரையை வாரிக்கொள்வதால் அங்கே வரும் வெள்ளை அணுவுக்குத் தீனி குறைகிறது. கட்டி கக்கும் அமிலமும் அதை மந்தமாக்குகிறது.

காட்டிக் கொடுத்த பசி

புற்றின் இந்தப் பசி டாக்டர்களுக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது.

குளூக்கோஸில் ஒரு சிறு மாற்றம் செய்து, கதிர் வீசும் ஃபுளூரினை அதில் ஒட்டினார்கள். செல் இதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும். ஆனால் முழுவதும் செரிக்க முடியாது. அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எந்த இடத்தில் அதிகமாகச் சிக்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து ஒரு கருவி படம் பிடிக்கும். இதுதான் "பெட் ஸ்கேன்". இந்தச் சர்க்கரையை 1976இல் அமெரிக்காவில் முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். இதன் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து, விரைவில் அடங்கிவிடும்.

புற்று எங்கே ஒளிந்திருக்கிறது, மருந்துக்குப் பணிகிறதா இல்லையா என்று பார்க்க இன்று இந்த ஸ்கேன் உதவுகிறது. இதற்கு முன் சில மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பார்கள். படம் தெளிவாக விழுவதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. ஸ்கேன் முடிந்ததும் சாப்பிடலாம். "ஆஸ்பத்திரியிலேயே பட்டினி போடச் சொன்னார்கள்" என்று வீட்டில் அதைத் தொடரக் கூடாது.

அந்தப் படத்தில் மூளையும் பளிச்சென்று தெரியும். பல சமயம் இதயமும் தெரியும். அங்கெல்லாம் புற்றா? இல்லை. அவையும் சர்க்கரையைச் சாப்பிடுகிற உறுப்புகள்.

பட்டினி ஏன் பலிக்காது?

இனி முக்கியமான கேள்வி. புற்றுக்குச் சர்க்கரைப் பசி என்றால், சர்க்கரையை நிறுத்தினால் என்ன?

நிறுத்த முடியாது என்பதுதான் பதில்.

ரத்தத்தில் எப்போதும் ஓரளவு சர்க்கரை இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மூளை மயங்கிவிடும். ரத்தத்தின் சிவப்பு அணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. சர்க்கரையைப் புளிக்க வைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. ஆகையால் நீங்கள் சாப்பிடாவிட்டாலும் உடம்பு சும்மா இருக்காது. கல்லீரல் முதலில் தன் சேமிப்பை எடுத்து விடும். சேமிப்புத் தீர்ந்ததும், தசையைக் கரைத்து, அந்தப் புரதத்திலிருந்து சர்க்கரை தயாரிக்கும்.

அதாவது, நோயாளியின் தட்டில் இருந்து சோற்றை எடுத்துவிட்டால், அவருடைய கையும் காலும் கரைந்து சர்க்கரையாகி, ரத்தத்தில் ஓடும். கட்டி அதையும் தின்னும்!

புற்றுக்குச் சர்க்கரை ஒன்றுதான் தீனி என்பதும் இல்லை. புரதத்தின் பகுதியான குளூட்டமினைத் தின்னும். கொழுப்பைத் தின்னும். சில புற்றுகள், மற்ற செல்கள் கக்கிய லாக்டிக் அமிலத்தையே எடுத்துச் சாப்பிடும். ஒரு கதவை அடைத்தால் மறு கதவு வழியாக வரும் திருடன் அது.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி, தேன் என்று மாற்றுவோரும் உண்டு. குடலைத் தாண்டியதும் அவற்றிலிருந்து வருவதும் அதே குளூக்கோஸ்தான். புற்றுநோய்ச் செல் ஊர், பெயர் விசாரிப்பது இல்லை.

மெலிவு என்ற இரண்டாவது நோய்

புற்றுநோயாளிகள் பலர் வேகமாக இளைத்துப் போகிறார்கள். சாப்பாடு குறைந்தது மட்டும் காரணம் அல்ல. நோயே உடம்பின் சாப்பாட்டு முறையைக் குலைக்கிறது. கட்டி கக்கும் லாக்டிக் அமிலத்தைக் கல்லீரல் எடுத்து மறுபடியும் சர்க்கரை ஆக்குகிறது. இதற்கு உடம்பு தன் கைக்காசைச் செலவழிக்கிறது. அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி திரும்பக் கட்டிக்கே போகிறது. தசை கரைகிறது. பசி மங்குகிறது.

இப்படி மெலிந்தவரால் மருந்தின் வேகத்தைத் தாங்க முடியாது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட நேரும். மருந்தின் அளவைக் குறைக்க நேரும். காய்ச்சலும் கிருமியும் எளிதில் தாக்கும்.

புற்றுநோயாளிக்கு எடைக் கணக்கில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 25 முதல் 30 கலோரி வேண்டும் என்றும், புரதம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை வேண்டும் என்றும் ஐரோப்பிய உணவுச் சத்து நிபுணர்கள் கூறுகிறார்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்குக் கணக்குப் போட்டால், நாளுக்கு 1,250 முதல் 1,500 கலோரி. 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்தான் இருக்கிறது. வெறும் அரிசிக் கஞ்சியில் இந்தக் கணக்கு நிறையுமா? பருப்பு, முட்டை, மீன், பால், தயிர், கடலை என்று பல வகையிலும் சேர்த்தால்தான் நிறையும்.

உண்மையான பட்டினி வைத்தியம்

அப்படியானால் புற்றைப் பட்டினி போடவே முடியாதா? முடியும். டாக்டர்கள் போட்டும் இருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுத் தட்டு வழியாக அல்ல.

இந்தக் கதையில் சென்னையில் படித்த ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று பாஸ்டன் நகரில் ஆராய்ச்சி செய்தார். செல்லின் காசு என்று மேலே சொன்னோமே, ஏ.டி.பி.; அதை 1929இல் கண்டறிந்து எழுதியவர்கள் ஃபிஸ்க் என்ற பேராசிரியரும் இந்தச் சுப்பாராவும்தான். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டார்.

பிற்காலத்தில் சுப்பாராவ் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அப்போது பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோயால் மடியும் குழந்தைகளைக் கண்டு தவித்துக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகம் கூடுவது போலவே தோன்றியது.

வைட்டமின் கொடுத்தால் புற்று வளர்கிறது என்றால், அதைத் தடுத்தால்? செல் புதிய டி.என்.ஏ. செய்ய ஃபோலிக் அமிலம் அவசியம். அதைப் போலவே உருவமுள்ள போலிப் பொருளைக் கொடுத்து ஏமாற்றினால், செல்லின் கட்டட வேலை நின்றுவிடும். அந்தப் போலியைச் செய்து கொடுத்தது சுப்பாராவின் குழு. பெயர் அமினோப்டெரின்.

1948இல் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. அது சில காலம்தான் நின்றது; நோய் திரும்பியது. ஆனாலும், அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முறையாக அசைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53வது வயதில் காலமானார். அவர் குழுவின் வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் பயன்படுகிறது.

இன்னொரு மருந்து ஆஸ்பராஜினேஸ். சில ரத்தப் புற்றுநோய்ச் செல்களால் ஆஸ்பராஜின் என்ற சத்தைத் தாமே போதிய அளவு செய்துகொள்ள முடியாது. ரத்தத்திலிருந்து எடுத்துத்தான் பிழைக்கின்றன. மற்ற செல்கள் தாமே செய்துகொள்ளும். இந்த மருந்து ரத்தத்தில் உள்ள ஆஸ்பராஜினை அழிக்கிறது. புற்று பட்டினியில் சாகிறது, நோயாளி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

சில ரத்தப் புற்றுகளிலும் மூளைக் கட்டிகளிலும் ஐ.டி.எச். என்ற ஒரு நொதி கெட்டுப்போய், செல்லை முதிரவிடாத ஒரு விபரீதப் பொருளைச் செய்கிறது. அதைத் தடுக்கும் மருந்துகள் அமெரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் ரத்தப் புற்றுக்கும், 2024இல் ஒரு வகை மூளைக் கட்டிக்கும் அனுமதி பெற்றன.

ஆசைப்பட்ட எல்லாம் பலிப்பதும் இல்லை. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மார்பகப் புற்று திரும்பி வராமல் தடுக்கும் என்று பலர் நம்பினார்கள். 3,649 பேரிடம் சோதித்து 2022இல் முடிவு வந்தது. நீரிழிவு இல்லாத அந்த நோயாளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. புற்றின் சாப்பாட்டில் கை வைப்பது அவ்வளவு நுணுக்கமான வேலை. பெரிய ஆராய்ச்சிசாலைகளுக்கே கடினமான அந்த வேலையை, ஒரு சர்க்கரை டப்பாவைப் பூட்டி முடித்துவிட முடியுமா?

கொழுப்பை மிகுதியாகவும் மாவுப் பொருளை மிகக் குறைவாகவும் கொடுக்கும் "கீட்டோ" உணவையும் சோதித்து வருகிறார்கள். அந்த உணவு மட்டுமே புற்றைத் தீர்க்கும் என்று எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை.

சர்க்கரை நல்ல பிள்ளையா?

அப்படியானால் இனிப்பை அள்ளித் தின்னலாமா? கூடாது.

அளவு மீறிய இனிப்பு உடம்பைப் பருக்க வைக்கும். உடல் பருமனுக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் அறிவித்தது. நோய் இல்லாதவர் இனிப்பைக் குறைப்பது நல்லது. நீரிழிவும் புற்றும் சேர்ந்து உள்ளவர் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும். சில சிகிச்சைகளில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும். அதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் காபியில் போட்ட ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குப் பயப்படுகிற வீட்டில், திண்ணையில் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் புகையிலை மென்றுகொண்டிருப்பார்! புற்றைக் கொண்டுவரும் காரணங்களில் முதலிடம் புகையிலைக்கு. அதை விடுவதில்தான் உறுதி வேண்டும்.

பத்தியம் எது?

நம் குடும்பங்களில் நோய் என்றால் பத்தியம் என்று ஒன்று உண்டு. அதில் அன்பும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. அந்த அக்கறை தப்பான வழியில் போனால் உயிருக்கே வினை ஆகும்.

பட்டினியோடு நிற்பவர்கள்கூடப் பரவாயில்லை. "உணவாலேயே குணமாக்குகிறோம்" என்று சொல்வோரை நம்பி, ஆஸ்பத்திரிச் சிகிச்சையைக் கைவிடுவோரும் இருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்ட 281 நோயாளிகளின் விவரங்களை, அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழக டாக்டர்கள் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் இருந்தவர்கள் அவர்கள். முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு இருந்தது. மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்குக்கும் மேல்!

காப்பாற்றக்கூடிய உயிர்கள்!

ஆகையால் புற்றுநோயாளி உள்ள வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே.

நோயாளியின் எடையை வாரம் ஒரு முறை பாருங்கள். குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று வேளை சாப்பிட முடியாவிட்டால், ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாய் புண்ணாக இருந்தால் குழைத்துக் கொடுங்கள். எந்த உணவை நிறுத்தும் முன்பும் டாக்டரையோ, ஆஸ்பத்திரியின் உணவு நிபுணரையோ கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு உள்ளவர்களுக்கு அளவு வேறுபடும். அதையும் அவர்களே சொல்வார்கள்.

கைப்பேசியில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதைப் படித்துவிட்டு, எங்கோ ஒரு வீட்டில், ஒரு தாயின் தட்டை யாரோ நகர்த்தி வைக்கக்கூடும்.

புற்றைப் பட்டினி போடும் வேலை விஞ்ஞானிகளுடையது. அதை அவர்கள் செய்கிறார்கள். நோயாளிக்குச் சோறு ஊட்டும் வேலை குடும்பத்தினுடையது. அதை வேறு யாரும் செய்ய முடியாது.